கட்டிவிட்டோம் ஐயா, முதலிலேயே கட்டிவிட்டோம்

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் எங்கள் புது லேஅவுட்டைப் பற்றி அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்துப் பேசியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடியோ இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "புதுசா வந்தவங்களுக்கு நாங்க ஏன் தண்ணிக் குழாய் போட்டுத் தரணும்?" கைதட்டல் வேறு.

தெரியாமல்தான் கேட்கிறேன், யார் யாருக்குப் போட்டுத் தந்தது? மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போதே, ஊர் வசதிகளுக்கென்று வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம் கட்டியாயிற்று. ரசீது இருக்கிறது. குழாய்? அதுவும் இருக்கிறது. வாசலில் ஒரு முழ நீளத்துக்கு மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிறது, வாயில் நீல மூடியோடு. மூன்று வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. என் மகள் சைக்கிளைச் சாய்த்து வைக்க உதவுகிறது.

"கட்டணம் கட்டியது பில்டர்தானே?" என்று ஒருவர் கமெண்டில் வருவார். வாங்க. பில்டர் என்ன தர்மசத்திரமா நடத்துகிறார்? கட்டியதையெல்லாம் விலையில் ஏற்றித்தான் விற்றார். முன்பெல்லாம் ஊர் கடன் வாங்கிக் குழாய் போடும். பல வருடத்தில் எல்லோர் வரியிலிருந்தும் அது அடையும். இப்போது அதே கடனை நான் என் வீட்டுக்கடனோடு சேர்த்துச் சுமக்கிறேன், ஊருக்குக் கடன் கிடைக்கும் வட்டியைவிட அதிக வட்டியில். ஆக, நாங்கள் கட்டிவிட்டோம்.

இது உலகம் முழுக்க நடக்கிற கூத்து. கலிபோர்னியாவில் 1978-இல் வாக்கெடுப்பு நடத்திச் சொத்துவரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்தில் நிறுத்தினார்கள். வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு, நேற்று வாங்கியவருக்குப் பல மடங்கு வரி! விழுந்த துண்டில் ஒரு பகுதியைப் புதுக் கட்டடங்களின் தலையில் கட்டினார்கள். அங்கே ஒருவர் தன் நிலத்தில் ஒரு சின்ன ரெடிமேட் வீடு வைக்கச் சாலைக் கட்டணம் 23,420 டாலர் கேட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. பொது விதியாகப் போட்ட கட்டணம் என்பதற்காகக் கேள்வி கேட்கக் கூடாது என்றில்லை என்று 2024-இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நான் கேட்டால் மட்டும் திமிர்.

பள்ளியில் இடமில்லை, காலையில் ரோட்டில் நகர முடியவில்லை. உண்மைதான். ஆனால் அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? வாங்கிய பணம் எந்தக் கணக்கில் தூங்குகிறது என்று வாங்கியவர்களிடம் கேளுங்கள்.

அந்தப் பெரியவர் குடிவந்தபோது அவர் வாசலுக்குக் குழாய் போட்டது யார் பணம்? அவருக்கு முன்னால் இருந்தவர்களின் வரிப்பணம். யாரும் அவரிடம் தனியாகக் கட்டணம் கேட்கவில்லை, மைக் பிடித்துப் பேசவும் இல்லை. அப்புறம், சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தரக் கேட்டு எங்கள் வீட்டுப் படியேறியவரும் இவர்தான். அன்றைக்கு நான் "நம்ம பொண்ணு". ஞாயிற்றுக்கிழமை "அந்தப் புது லேஅவுட்காரங்க".

பையன் நாளைக்கும் வருவான். சொல்லித்தான் தருவேன், அவன் என்ன செய்வான் பாவம். கூட்டிப்போகத் தாத்தா வரும்போது மட்டும் அந்த ரசீது மேசை மேலேயே இருக்கும்.