அந்த வீடியோவை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எந்த குரூப்பைத் திறந்தாலும் அதே வீடியோதான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மண்டபத்துப் பந்தி, போனில் கார்ட்டூன் ஓட ஓட வாயைத் திறக்கும் குழந்தை, ஊட்டிவிடும் அம்மா. கீழே, "இப்படித்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்" என்று ஒரு வரி. குழந்தையின் முகம் தெரிகிறது, அந்தப் பெண்ணின் முகம் தெரிகிறது. எடுத்தவர் முகம் மட்டும் தெரியவில்லை. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குழந்தை கையிலிருந்து போனை வாங்க வேண்டும் என்றால், அந்த இடத்தில் ஒரு ஆள் வந்து உட்கார வேண்டும். அம்மாவைத் திட்டினால் அந்த ஆள் வந்துவிட மாட்டார்.

"அப்போ போன் கொடுப்பது சரி என்கிறாயா?" என்று உடனே கிளம்புவீர்கள். சரி என்று எங்கே சொன்னேன்? உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது: 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். இந்தப் பாதியை எல்லோரும் ஃபார்வர்டு செய்கிறீர்கள். மீதிப் பாதியும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. 1 முதல் 4 வயதுக் குழந்தை ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கூட இருந்து கதை சொல்ல வேண்டும், புத்தகம் காட்ட வேண்டும். மூன்று மணி நேரம்! யார் கூட ஓடுவது? அதை ஏன் யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், என் தங்கச்சி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாள், அங்கே பகல் முழுக்க டிவி. வந்து சோறாக்குகிற நேரத்தில் அவன் கையில் போன். இரண்டரை வயதாகியும் "அம்மா", "தா" தவிர பேச்சு வரவில்லை. ஒரு சீர் வீட்டில், "போனைக் குடுத்துக் குடுத்து ஊமையாக்கிப் போட்ட" என்று சபையில் வைத்து ஒரு பெரியம்மா சொன்னார். அவள் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் முதலில் பையனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தார். கேட்டது. அப்புறம் ஒரே கேள்வி: "பகலில் இவனோடு பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?" அத்தனை சொந்தத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருந்த அவள் மாமியார் வந்து தங்கினார். முறத்தில் கொள்ளைக் கொட்டிப் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "இது கல்லு சாமி, அங்க போடு. இது கொள்ளு, இங்க போடு." அவன் எல்லாவற்றையும் அள்ளி வாசலில் எறிவான். அவர் பொறுக்கி வந்து மறுபடியும் "இது கல்லு சாமி". ஒரு நாள் அவனே ஒன்றை எடுத்து நீட்டி "கல்லு" என்றான். அவன் நீட்டினதைப் பார்த்து "ஆமா, கல்லுதான்" என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். கார்ட்டூன் அப்படி நின்று பதில் சொல்லாது. சின்னக் குழந்தைக்குப் பேச்சு வருவது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான்.

"எங்கம்மா அஞ்சு பிள்ளை வளர்த்தாங்க, போனா இருந்துச்சு?" வளர்த்தார்கள், யார் இல்லை என்றது? வீட்டில் அப்பாரு, ஆத்தா என்று தாத்தா பாட்டி இருந்தார்கள், பட்டியில் ஆடு இருந்தது, கூப்பிடு தூரத்தில் நங்கையா முறையில் ஒரு சொந்தம் இருந்தது. என் தங்கச்சி இருக்கிற, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரு ரூமும் பூட்டின பக்கத்துக் கதவும்தான் இருக்கின்றன. மாமியார் வந்து தங்கினதால் என் தங்கச்சி தப்பித்தாள். வராத வீடுகள்தான் அந்த லைனில் அதிகம்.

"எல்லாத்துக்கும் ஆம்பளைங்களை இழுக்காதே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. வீடியோவில் அந்தக் குழந்தையின் அப்பா எங்கே என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா?

அங்கன்வாடிக்கு அனுப்பலாமே என்றால், அது சாயங்காலத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் எட்டரை மணி வரை? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும், பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். தைக்க இத்தனை ஆயிரம் பெண்கள் வேண்டும், அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் மட்டும் கிடைக்க மாட்டாரா?

என் நட்புப் பட்டியலில் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்த வீடியோவுக்குக் கீழே வருத்தப்பட்டு எழுதியவர்களும் அதில் உண்டு. உங்கள் கம்பெனியில் அந்த அறை இருக்கிறதா? பகலில் அதில் குழந்தைகள் இருக்கிறார்களா, இல்லை அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா? கமெண்டில் சொல்லுங்கள்.