ஆம்பிரிட்ஜ் கப்பும் தட்டும்
தி ஆர்ச்சர்ஸ்ங்கிற பிரிட்டிஷ் ரேடியோ நாடகத்த வச்சு வந்த கப்பு, தட்டெல்லாம் ஜனங்க தேடித்தேடி சேக்குறத வெறும் பழம்பொருள் மோகம்னு உங்க கட்டுரைல எழுதிருக்கீங்க, எனக்கு அப்படி தோணவே இல்ல. இந்த நாடகம் 1951 ஜனவரி 1லேர்ந்து பிபிசில நாடு முழுக்க ஓடுது, போருக்கப்புறம் விவசாயிங்க விளைச்சல கூட்டணும்னு ஆரம்பிச்சது. கதை நடக்குற ஆம்பிரிட்ஜ்னு ஒரு ஊரே நிஜத்துல கிடையாது, அங்க வர்ற புரூக்ஃபீல்டு பண்ணையும் தி புல் பப்பும் கேக்குறவங்க அவங்கவங்க மனசுல கட்டிக்கிட்டது, நடிகர் நார்மன் பெயின்டிங் 1950ல சோதனையா ஓடுனப்பலேர்ந்து 2009ல இறக்குற வரைக்கும் ஃபில் ஆர்ச்சரா பேசுனாரு, அப்படி காதால மட்டுமே பழகுன ஊர ஒரு கப்புல பாத்து, அதுலயே டீ குடிக்கிறது எவ்ளோ பெரிய சந்தோஷம்! சேக்குறவங்களுக்கு ஒண்ணு, பழசா இருந்தா டிஷ்வாஷர்ல போடாதீங்க ப்ளீஸ், படம் மங்கிடும், தங்க விளிம்பு இருந்தா மைக்ரோவேவும் வேண்டாம், கையால கழுவுங்க.