டான்டடான்: பேய்களுக்காக அழவைத்த மங்கா

யுகினோபு தாட்சுவின் 'டான்டடான்' 2021 ஏப்ரலில் ஷோனென் ஜம்ப் பிளஸ் என்ற ஜப்பானிய இணைய இதழில் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைத் தொடர். 2024இல் அதன் அனிமே (அனிமேஷன் தொடர்) வந்த பிறகு நம்மில் பலருக்கும் தெரிந்துவிட்டது. அனிமே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மங்காவைப் படியுங்கள் என்பேன். ஒரு பக்கம் முழுக்க விரியும் தாட்சுவின் சண்டைக் காட்சிகளில், நாம் விரும்பும் அளவு நின்று பார்க்கலாம்.

பள்ளி மாணவி மோமோ பேய் உண்டு என்று நம்புகிறாள், வேற்றுக்கிரகவாசியை நம்புவதில்லை. அவள் பள்ளியில் படிக்கும் ஒகாருன் அப்படியே தலைகீழ். பந்தயம் கட்டி அவள் வேற்றுக்கிரகவாசிகளைத் தேடிப் பாழடைந்த ஆஸ்பத்திரிக்கும், அவன் பேய் உலவும் சுரங்கப்பாதைக்கும் போகிறார்கள். இரண்டுமே உண்மை!

சுரங்கப்பாதையில் ஒகாருனைப் பிடித்துக்கொள்ளும் டர்போ பாட்டி என்ற பேய் தாட்சுவின் கற்பனை இல்லை. காருக்கு இணையாக ஓடும் கிழவியைப் பற்றி ஜப்பானில் ஏற்கெனவே கதை உண்டு. அங்கே 1970களிலேயே அமானுஷ்ய மோகம் உச்சத்தில் இருந்தது. 1974இல், மனசக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்ட யூரி கெல்லர் டிவியில் கரண்டியை வளைத்தார். 1979இல் 'மூ' என்ற அமானுஷ்ய இதழ் தொடங்கியது. வாய் கிழிந்த பெண் வருகிறாள் என்ற வதந்தியில் பள்ளிப் பிள்ளைகள் நடுங்கியதும் அதே வருடம்தான். அந்த மோகத்தை தாட்சு துளியும் கேலி செய்யவில்லை, ஆசையாகக் கையில் எடுக்கிறார்.

ஆனால் எனக்கு இந்தத் தொடர் இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் அக்ரோபாட்டிக் சில்க்கி. சிவப்பு உடை, நீண்ட கூந்தல், அய்ரா என்ற பெண்ணைத் தன் மகள் என்று நினைத்துத் துரத்தும் பேய். அப்புறம் அவளுடைய பழைய வாழ்க்கை வருகிறது. தனியாக மகளை வளர்த்த தாய். கடனை அடைக்க ராப்பகலாக உழைக்கிறாள். கடன்காரர்கள் வந்து அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பக்கங்களில் வசனம் குறைவு, தேவையும் இல்லை. பெற்ற தாயை இழந்த அய்ரா, கடைசியில் அந்தப் பேயைக் கட்டிக்கொண்டு அம்மா என்று அழைக்கும்போது உடைந்து அழுதேன்.

டர்போ பாட்டியும் அப்படித்தான். வாயைத் திறந்தால் ஆபாசம். ஆனால் கொடூரமாகக் கொல்லப்பட்ட சிறுமிகளின் ஆவிகளுக்குத் துணையாக இருந்தவள் அவள்தான். இந்தக் கதையில் பேயை ஜெயித்தால் மட்டும் போதாது, அதன் துக்கத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். முதல் அத்தியாயத்தில் வேற்றுக்கிரகவாசிகள் மோமோவை உள்ளாடையோடு கட்டிப்போடும் காட்சி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பள்ளி மாணவியை அப்படி வரைய எந்த அவசியமும் இல்லை. அந்தக் காட்சியோடு படிப்பதை நிறுத்தியவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. முடிந்தால் சில்க்கி வரும் பகுதி வரைக்குமாவது படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.