அந்த வீடியோவின் மூன்றாவது பகுதி

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் 'அசையா முகம்' (Still Face) வீடியோ மறுபடியும் வாட்சப்பில் வந்தது. "தாய்மார்களே, போனைக் கீழே வையுங்கள்" என்ற உபதேசத்தோடு.

1970-களில் அமெரிக்காவில் தொடங்கிய சோதனை. கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, விரலை நீட்டிக் காட்டுகிறது, கீச்சென்று கத்துகிறது. எதுவும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. அனுப்புகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அம்மா திரும்பிவந்து, கையைப் பிடித்துப் பேச, குழந்தை தேறும் மூன்றாவது பகுதி யாருக்கும் வேண்டாம்.

எனக்கு அதுதான் முக்கியம். சாதாரண விளையாட்டிலேயே தாயும் சேயும் ஒத்துப்போவது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் என்கிறார் ட்ரோனிக். மீதியெல்லாம் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதும். குழந்தை ஆய்வாளர் பியட்ரிஸ் பீபியும் சகாக்களும் நாலு மாதக் குழந்தையும் அம்மாவும் மாறிமாறிக் குரல் கொடுக்கும் தாளத்தை அளந்து 2001-ல் வெளியிட்டார்கள். மிக நெருக்கமாக ஒட்டிப்போன ஜோடிகளைவிட, நடுவாந்தரமாக ஒத்துப்போன ஜோடிகளில்தான் ஒரு வயதில் குழந்தைக்கு அம்மாமேல் இருக்கும் பற்று (attachment) பயமில்லாமல், உறுதியாக இருந்தது. ஓயாத கவனிப்பும் ஒருவகைப் பதற்றம்தானாம். அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதைப் படித்தால் தேவலை.

இதே விஷயம் மனச் சிகிச்சைக்குள்ளும் வருகிறது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் நோயாளியைப் படுக்கவைத்துப் பின்னால் உட்கார்ந்தார். நாள் முழுக்கப் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பது தாங்காது என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்குப் பேச்சும் விளக்கமும்தான் மருந்து. குழந்தை ஆய்வாளரும் மனநல மருத்துவருமான டேனியல் ஸ்டெர்ன் இருந்த பாஸ்டன் ஆய்வுக் குழு 1998-ல் சொன்னது வேறு: விளக்கம் மட்டும் ஆளை மாற்றாது. பேச்சு வருமுன்பே பழகிய பழக்கங்கள் நினைவாக வெளிவராது. எதிரே இருப்பவரிடம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் வரும்.

எனக்கே நடந்தது. பேசிக்கொண்டிருந்தபோது தெரபிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ஜன்னல் கம்பிகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை. அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, "நான் அங்க பாத்ததும் நீங்க போயிட்டீங்க இல்ல?" என்றார். என் சிறுவயதைப் பற்றி அதுவரை அவர் சொன்ன எந்த விளக்கமும் அந்த ஒரு கேள்வி அளவுக்கு உள்ளே இறங்கியதில்லை.

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ஆந்த்ரே கிரீன் குழந்தைகளைக் கவனித்து இப்படி முடிவுக்கு வருவதையெல்லாம் ஏற்கவில்லை. கேமராவில் தெரியும் குழந்தை வேறு, பெரியவர் மனசுக்குள் இருக்கும் குழந்தை வேறு என்பது அவர் கட்சி. பாதி நியாயம்தான். என் குழந்தைப் பருவத்தை யாரும் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பியது நான்தானே?

வீடியோ அனுப்பிய பெரியப்பாவுக்கு, "கடைசி வரைக்கும் பாத்தீங்களா?" என்று பதில் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து ரெண்டு நாளாச்சு.