நாயின் உண்ணி மருந்து பூனைக்கு ஆகாது

"நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பாதியைப் பூனையின் பிடரியில் விட்டால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள், பூனையின் உயிரே போய்விடும்.

நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. பாதி அளவும் விஷம்தான். முதலில் காதும் முகமும் துடிக்கும், உடம்பு நடுங்கும், அப்புறம் வலிப்பு.

மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுத்தாலோ நக்கினாலோகூடப் பூனைக்கு விஷம் ஏறும். அதனால் மருந்து போட்டபின் 3 நாளாவது இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தவறிப் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கழுவி, துண்டில் சுற்றி, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்தின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். வலிப்பு தொடங்கிவிட்டதென்றால் கழுவிக்கொண்டு நிற்க வேண்டாம்.