“நாங்க ஒண்ணுமே பண்ணலை, அதுவா நின்னுருச்சு”

அந்த வாய்ஸ் மெசேஜை வெள்ளிக்கிழமை ராத்திரியில இருந்து எனக்கே பதினோரு பேர் அனுப்பிட்டீங்க. கேட்டேன். மூணு தடவை கேட்டேன். “நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினை சர்வீஸ்னு வந்து கெடுத்துவிட்டுப் போயிட்டான்.” யார் பேசுனது, எந்த ஆபீஸ், எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேர் சொல்லப் போறதில்லை. ஆனா வாயை மூடிக்கிட்டிருந்தா கெடுத்தது நான்தான்னு ஆயிரும்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினுக்கு வழக்கமான சர்வீஸ். உள்ள கிடந்த தூளைச் சுத்தம் பண்ணி, பேப்பர் இழுக்கிற ரோலரை மாத்தி, 20 காப்பி ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் கிளம்பினேன். வியாழக்கிழமை மத்தியானம் போன். பேப்பர் உள்ளயே சிக்குதாம், தீஞ்ச வாடை வருதாம். போட்ட சாப்பாட்டை மூடி வச்சுட்டுப் போனேன். “என்ன போட்டீங்க?”ன்னு கேட்டேன். “நாங்க ஒண்ணுமே பண்ணலை, அதுவா நின்னுருச்சு.” நாலு பேர்கிட்ட தனித்தனியா கேட்டேன், நாலு பேரும் அதே சொல். மெஷினை ஆஃப் பண்ணி, சூடு ஆற முக்கால் மணி நேரம் உக்காந்திருந்து, ஃபியூசரைக் கழட்டினா ரோலரைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் ஷீட் உருகி ஒட்டிக் கிடக்கு. ஸ்பைரல் பைண்டிங்குக்கு முன்னாடி வைப்பாங்களே, கண்ணாடி மாதிரி, அதுதான். அதுல யாரோ தலைப்பு பிரிண்ட் போடப் பாத்திருக்காங்க. சுருங்கிப்போன ஓரத்துல “ஆண்டறி” வரைக்கும் எழுத்து இப்பவும் தெரியுது.

விவரம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். டோனர்ங்கிறது மை இல்லை, நிறம் சேர்த்த நைஸான பிளாஸ்டிக் தூள். அதை உருக்கிப் பேப்பர்ல அழுத்திப் பதிக்கிற இடம்தான் ஃபியூசர். அங்க சூடு 200 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும். 1959ல ஜெராக்ஸ் 914 வந்தப்ப, உள்ள பேப்பர் தீப்பிடிக்குதுன்னு மெஷினோட ஒரு சின்னத் தீயணைப்பானையும் சேர்த்தே குடுத்தாங்க. இந்தத் தொழில் பிறக்கும்போதே அந்தச் சூடும் கூடப் பிறந்தது. அதுக்குள்ள பைண்டிங் ஷீட்டை விட்டா உருகாம என்ன செய்யும்?

ஷீட் போட்டது தப்புன்னு நான் சண்டைக்கு வரலை. தெரியாம போட்டிருப்பாங்க. “அண்ணே, இதைத்தான் போட்டோம்”னு போன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, “மெஷினை ஆஃப் பண்ணுங்க, எதையும் இழுக்காதீங்க”ன்னு சொல்லியிருப்பேன். சிக்குனதை மறைக்க ஸ்குரூடிரைவரை விட்டு நோண்டியிருக்காங்க. ரோலர்ல மூணு கீறல். ஷீட்டால போனது பாதி, நோண்டுனதுல போனது பாதி. கடைசியில பழி செவ்வாய்க்கிழமை வந்தவன் மேல.

இது இந்த ஒரு ஆபீஸோட போகலை. ஆயுத பூஜை முடிஞ்சா அடுத்த வாரமே எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும், “காப்பியில நெட்டுக்குக் கோடு விழுது.” கண்ணாடி மேல வச்சு எடுத்தா கோடு இல்லை, மேல் டிரேயில அடுக்கி ஓட்டினா கோடு. போன்லயே எனக்குத் தெரிஞ்சிரும். பக்கத்துல விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும், ஓடுற பேப்பரை மெஷின் அது வழியாத்தான் படிக்கும். அதுல கடுகளவு சந்தனம் காஞ்சிருந்தாப் போதும், பேப்பர் நகர நகர அந்தப் புள்ளிதான் மேல இருந்து கீழ வரைக்கும் கோடா இழுக்கும். சாமி கும்பிட்டதைச் சொல்ல என்ன கூச்சம்? நானும் என் டூல்ஸ் பைக்குப் பொட்டு வச்சுக் கும்பிடுறவன்தான். ஆனா கோரிப்பாளையத்துல ஒரு ஆபீஸ்ல போன வருஷம் பேப்பர் டிரேக்குள்ள பொரி. பொரிக்கு எறும்பு. எறும்புக்கு யாரோ சாக்பீஸ் போட்டுவிட்ட தூள். எல்லாத்தையும் டார்ச் அடிச்சுக் காட்டினேன். அப்பவும் அந்த சார் சொன்னது, “அதுவா வந்திருக்கும்ப்பா.”

ஐப்பசி மழையில ரீமைப் பிரிச்சு ஜன்னல் ஓரமா வச்சிருப்பாங்க, பேப்பர் பூராம் நமுத்துப்போய் நாலு நாலா ஒட்டிக்கிட்டுப் போகும். கேட்டா புதுக்கட்டு, இப்பத்தான் பிரிச்சதுன்னு சொல்லுவாங்க.

“நீங்க மட்டும் யோக்கியமா, நல்ல பார்ட்டை மாத்திட்டு பில் போடுறவங்கதானே”ன்னு அந்த மெசேஜுக்குக் கீழ ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. அப்படிச் செய்றவங்க இருக்காங்க, இல்லைங்கலை. நான் செஞ்சதில்லை. கழட்டுன பழைய பார்ட்டை மேசை மேல வச்சுட்டுத்தான் வருவேன், டவுன்ஹால் ரோட்டுல என்கிட்ட வேலை குடுக்கிற கடைகள்ல கேட்டுப் பாருங்க.

“போர்டு எழுதி ஒட்டலாம்ல?” ஒட்டினேன். அது மேலயே விநாயகர் காலண்டரை மாட்டிட்டாங்க.

இன்னொருத்தர் எழுதினது மட்டும் மனசுல நிக்குது. “உள்ளதைச் சொன்னா முதலாளி சம்பளத்துல பிடிப்பாருண்ணே, சின்ன ஸ்டாஃப் என்ன செய்வாங்க?” இதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்லை.

ஏழெட்டு வருஷம் இருக்கும், மேலூர்ல ஒரு ஆபீஸ். போய்வர 60 கிலோமீட்டர், வண்டியில போனேன். வழக்கம்போல “அதுவா நின்னுருச்சு.” மெஷினைத் திறந்தா உள்ள சர்க்யூட் போர்டுல தண்ணி. எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, கூட்டித் துடைக்கிற அக்கா பைய பக்கத்துல வந்தாங்க. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரிச்சுக்கிட்டே, “தம்பி, மேல இருந்த பூச்சாடியைத் துடைக்கையில சாய்ஞ்சிருச்சுய்யா. சொன்னா நாளைக்கு வராதேன்னுருவாங்க.” அந்த ஒரு வார்த்தையால என் வேலை பாதியாக் குறைஞ்சது. எந்தப் பக்கமிருந்து தண்ணி இறங்குச்சுன்னு தெரிஞ்சதால ஒரே ஒரு போர்டை மட்டும் கழட்டி, துடைச்சு, காயவச்சு, மறுநாள் ஓட்டிக் குடுத்துட்டேன். சர்வீஸ் ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு கட்டம் உண்டு. அதுல “ஈரப்பதம்”னு எழுதினேன். அது பொய் இல்லை. உங்கள்ல யாராவது பொய்னு சொன்னா சொல்லிக்கங்க, அந்த அக்கா அதுக்கப்புறமும் நாலு வருஷம் அங்கதான் வேலை பாத்தாங்க.

அதனாலதான் சொல்றேன், என்கிட்ட சொல்லுங்கய்யா. நான் போலீஸ் இல்லை. உங்க முதலாளிகிட்ட போட்டுக் குடுத்து எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை. ஷீட் போட்ட பிள்ளை யாருன்னு வியாழக்கிழமையே எனக்குத் தெரியும், நான் ஃபியூசரை வெளிய எடுத்ததும் அதோட முகம் செத்துப்போச்சு. நான் வாயைத் திறக்கலை. “வேற ஷீட் சிக்கியிருக்கு”ன்னு மட்டும்தான் சொன்னேன். 6,800 ரூபாய் பில்லுன்னதும் மேல இருக்கிறவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு, நான் கிடைச்சேன்.

22 வருஷம் ஆச்சுங்க இந்த வேலைக்கு வந்து. சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல கருப்பு போகாது. வெந்நியில கழுவுனா டோனர் இன்னும் பிடிச்சுக்கும், பச்சைத் தண்ணியிலதான் கழுவணும், மார்கழியிலயும் அப்படித்தான். அந்தக் கையைப் பாத்துட்டு, எல்லாருக்கும் தம்ளர்ல டீ குடுத்துட்டு எனக்கு மட்டும் பேப்பர் கப்பைத் தேடுற ஆபீஸ் இருக்கு. அதுக்கெல்லாம் நான் பதிவு போட்டதில்லை. ஆனா “கெடுத்துவிட்டுப் போயிட்டான்.” அந்த ‘டான்’. என்னைவிட வயசுல சின்னவர் அவர். என் வீட்டம்மா சமையக்கட்டுல நிக்கும்போது போன் ஸ்பீக்கர்ல ஓடிருச்சு. அவ ஒண்ணும் கேக்கலை. அடுப்பை மட்டும் சிம்ல வச்சா.

அந்த ஷீட்டை நான் தூக்கிப் போடலை. கவர்ல போட்டு டூல்ஸ் பையிலதான் வச்சிருக்கேன், ரோலர்ல இருக்கிற மூணு கீறலோட போட்டோவும் இருக்கு. குரூப்ல போட மாட்டேன், போட்டா அந்தப் பிள்ளை மாட்டிக்கிரும். சந்தேகம் இருக்கிறவங்க நேர்ல வாங்க, காட்டுறேன். திங்கட்கிழமை காலையில திருமங்கலத்துல ஒரு வேலை இருக்கு, பதினோரு மணிக்கு மேல கடையில இருப்பேன்.