11 மணித்தியாலம், ஒரே மடி

ஹட்டன்ல இருந்து கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு வர்றதுக்குள்ளயே கினிகத்தேனை வளைவுல புள்ள மூணு தரம் கக்கிட்டான். லண்டனுக்கு இன்னும் 11 மணித்தியாலம்!

முன்சீட்டு அங்கிள் திரும்பித் திரும்பி முறைக்கிறார். ஏன், நீங்க மீசையோடவா பிறந்தீங்க? "காது அடைக்குது, பால் குடுங்க"ன்னு ஆளுக்கொரு வைத்தியம். இறங்குறப்ப குடுக்கணும், தெரியும். அவன் அழுறதை நிப்பாட்டி வாயைக் குடுத்தாத்தானே? அம்மாயி கட்டிவிட்ட வசம்பைத்தான் சப்புறான்.

விமானத்துக்குள்ள காற்றழுத்தம் 6,000, 8,000 அடி மலையில இருக்கிற மாதிரிதானாம். நுவரெலியாவே 6,000 அடிக்கு மேல. பிறந்த ஊருன்னு நினைச்சுத் தூங்கினா என்னவாம்?

கழிவறையில பேம்பஸ் மாத்துற பலகை, தோட்டத்து லயத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) ஜன்னல் அளவு. ஒரு கையில புள்ள, மறு கையில... சொல்லவேணாம். அந்த நேரம் கதவைத் தட்டுறது யாரு? அதே அங்கிள்!

சக்கரம் தரையைத் தொட்டிச்சு. இப்பத் தூங்குறான், மகராசன்.